சாவி முதலில், நகரம் பிறகு: சிங்கப்பூரின் புதுநகர்கள் குடியேறுபவர்களுக்குத் தருவது என்ன?

2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் தடம் திறக்கப்பட்டபோது, அதற்காகக் கட்டப்பட்டிருந்த 16 நிலையங்களில் 14 மட்டுமே பயணிகளை ஏற்றன. புவாங்கோக், உட்லீ ஆகிய இரு நிலையங்கள் பூட்டியே கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் போதிய ஆட்கள் குடியேறவில்லை, திறந்தால் நடத்தும் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று காரணம் சொல்லப்பட்டது. புவாங்கோக் அருகே அதற்குள் வீடு வாங்கிக் குடிவந்திருந்தவர்களோ, கண்ணெதிரே இருக்கும் நிலையத்தைக் கடந்து அடுத்த நிலையத்தில் போய் ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பகுதிக்கு வந்த நாளில், நிலையத்துக்கு வெளியே எட்டு வெள்ளை யானைகள் (பெரும் செலவில் உருவாகிப் பயனின்றிக் கிடப்பதன் உருவகம்) அட்டையில் வெட்டி நிறுத்தப்பட்டிருந்தன. 2006 ஜனவரியில் புவாங்கோக் திறந்தது. உட்லீ திறப்பதற்கு 2011 வரை ஆனது.

இந்தச் சம்பவத்தைச் சிங்கப்பூரர்கள் பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் திட்டமிட்ட புதுநகர் ஒன்றுக்குக் குடிபெயர்வதன் அடிப்படைச் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஆள் வந்தால்தான் ரயிலும் கடையும் பள்ளியும் மருந்தகமும் கட்டுப்படியாகும். அவை இருந்தால்தான் அங்கே போய் வாழ ஆளுக்கு மனம் வரும். இந்த முடிச்சை யாராவது ஒருவர் முதலில் அவிழ்த்தாக வேண்டும். சிங்கப்பூரில் அரசு நிலத்தையும் பணத்தையும் போட்டுப் பாதியை அவிழ்க்கிறது; மீதிப் பாதியை, முதலில் குடியேறும் குடும்பங்கள் தங்கள் வாழ்நாளின் சில ஆண்டுகளைக் கொடுத்து அவிழ்க்கின்றன. வீட்டின் விலைப்பட்டியலில் அந்த ஆண்டுகள் எங்கும் அச்சாவதில்லை. ஆனால் விலை குறைவாக இருப்பதற்கு அவையும் ஒரு காரணம்.

புதுநகர் என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தனியார் நிறுவனம் ஒன்று ஊருக்கு வெளியே மனை பிரித்து, வாயிற்காவல் வைத்து விற்கும் குடியிருப்பு அல்ல இது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்ற அரசு அமைப்பு, நிலத்தைத் தயார்செய்து, சாலை போட்டு, வீடு கட்டி, 99 ஆண்டுக் குத்தகைக்குக் குடிமக்களுக்கு விற்கும் முழு நகரம் அது. அதற்கு முன்பிருந்த பிரிட்டிஷ் கால அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியவை சுமார் 23,000 வீடுகள். வீவக தன் முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கும் மேல் கட்டியது. அந்த வேகத்துக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் காரணமன்று. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அவர்களை எங்கே குடிவைப்பது என்ற கேள்விக்கு மாதக்கணக்கில் விடை தேடிக்கொண்டிருக்க முடியவில்லை.

1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல், ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்தலாம் என்றானது. கையில் ரொக்கம் அதிகம் இல்லாத தொழிலாளியும் சம்பளத்தில் பிடிக்கப்படும் சேமிப்பைக் கொண்டே வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்ற நிலை அப்போதுதான் உருவானது. இன்று குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில்தான் வாழ்கிறார்கள். எனவே புதுநகருக்குக் குடிபெயர்வது என்பது அந்நாட்டில் யாரோ சிலருடைய தேர்வு அல்ல. கல்யாணம் நிச்சயமானதும் பெரும்பாலான இளம் தம்பதியர் கடந்து வரும் கட்டம்.

நகரத்தின் அமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. குவீன்ஸ்டவுனை வீவகவுக்கு முந்தைய அமைப்பு தொடங்கியிருந்தது. 1960களின் நடுப்பகுதியில் எழத் தொடங்கிய தோ பாயோதான் வீவக முற்றிலும் தானே திட்டமிட்ட முதல் நகரம். 1970களில் அங் மோ கியோவும் அதன்பின் வந்தவையும் கட்டப்பட்டபோது, பின்னாளில் கழகத்தின் தலைமை நிர்வாகியான கட்டடக்கலைஞர் லியூ தாய் கெர் தலைமையில் ஓர் அளவுகோல் உருப்பெற்றது. சில நூறு வீடுகள் கொண்ட ஒரு சிறு தொகுதி. அப்படிப் பல தொகுதிகள் சேர்ந்து சுமார் ஐயாயிரம் வீடுகள் கொண்ட ஓர் அக்கம்பக்கம். பல அக்கம்பக்கங்கள் சேர்ந்து, நடுவில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பெரிய கடைகளும் நூலகமும் உள்ள ஒரு நகரம். எந்தப் படியில் எந்த வசதி என்பதும் வரையறுக்கப்பட்டது. குழந்தை விளையாடும் இடமும் உட்கார்ந்து பேச ஒரு நிழலும் தொகுதிக்குள். காய்கறி, மீன், முடிதிருத்தகம், கிளினிக், காப்பிக்கடை ஆகியவை அக்கம்பக்கத்துக்குள். பலதுறை மருந்தகமும் (பாலிகிளினிக்) நீச்சல் குளமும் நகரத்துக்கு ஒன்று.

இந்தப் படிநிலை ஒரு குடும்பத்தின் அன்றாடத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால்தான் அதன் மதிப்பு புரியும். ஓரளவு வயதான வீவக நகரம் ஒன்றின் அக்கம்பக்கக் கடைவீதியில் காலை ஏழு மணிக்கு நின்றால், ஈரச்சந்தையில் மீன் நறுக்கும் சத்தம் ஒரு பக்கம். உணவங்காடியில் தோசைக் கல்லுக்கும் நூடுல்ஸ் சட்டிக்கும் இடையே இரண்டு கடைதான் தூரம். தாத்தா ஒருவர் பேத்தியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு அங்கேயே ‘தே-ஓ’ குடிக்க உட்காருகிறார். இவ்வளவும் கூரையிட்ட நடைபாதையிலேயே நடந்து வந்து முடிகிற வேலைகள். மழை பெய்தாலும் குடை தேட வேண்டியதில்லை. கட்டடத்தின் அடியில் தூண்கள் மட்டும் நிற்கும்படி திறந்துவிடப்பட்ட கீழ்த்தளம் ஒன்று உண்டு. ஊர்ப் பேச்சில் அதன் பெயர் ‘வாய்ட் டெக்’. மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலும் சீனர் வீட்டு இறுதிச் சடங்கும் ஒரே இடத்தில், வெவ்வேறு வாரங்களில் நடக்கும். வெறும் காலியிடமாக விடப்பட்ட அந்தத் தளம்தான் புதுநகர் தந்தவற்றில் மிகவும் பயன்பட்டது என்பது என் கணிப்பு. அண்மைக் காலப் புதுக் கட்டடங்களில் அது சுருங்கி வருவதை ஒரு குறையாகவே பார்க்கிறேன்.

மேலே விவரித்த காட்சிக்குப் பின்னால் முப்பது நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. சாவி வாங்கிய முதல் ஆண்டில் அது கிடைக்காது. பொங்கோல் நகரத்தின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் உள்ள பொங்கோல், ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் மீனவர் குடியிருப்புகளும் கடலோர உணவுக் கடைகளும் இருந்த இடம். 1996இல் அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் தேசிய தினப் பேரணி உரையில் ‘பொங்கோல் 21’ என்ற பெயரில் ஒரு முன்மாதிரி நகரத்தை அறிவித்தார். மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வீட்டுக்குப் பதிவுசெய்து வரிசையில் இருந்தவர்கள் விலகினார்கள். கட்டிய வீடுகள் விற்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் தீவு முழுவதிலும் 17,000க்கும் மேற்பட்ட வீவக வீடுகள் வாங்க ஆளின்றித் தேங்கின. பொங்கோலுக்கு முதலில் வந்தவர்கள், அறிவிப்பில் படித்த நகரத்துக்குப் பதிலாகக் காலி நிலங்களுக்கு நடுவே நின்ற சில கட்டடத் தொகுதிகளைத்தான் கண்டார்கள்.

ரயில் 2003இல் வந்தது. நகருக்குள் சுற்றிவரும் இலகு ரயிலின் கிழக்கு வட்டம் 2005 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மேற்கு வட்டம் 2014 வரை காத்திருந்தது. அந்த மேற்கு வட்டத்தில் இரு நிலையங்கள் 2016இலும் இன்னொன்று 2024இலும் திறந்தன. காத்திருந்த காலம் முழுவதும் ரயில் அந்த நிலையங்களில் நிற்காமலே கடந்துபோனது. 2007இல் அடுத்த பிரதமர் லீ சியன் லூங் திட்டத்துக்குப் புத்துயிர் அளித்தார். 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி வெட்டப்பட்டு 2011இல் திறக்கப்பட்டது; இன்று மாலை நடைக்கும் சைக்கிளுக்கும் பெயர்போன இடம் அதுதான். பெரிய கடைத்தொகுதி 2016இல் வந்தது. பலதுறை மருந்தகம் 2017இல். அங்காடி உணவுக்குப் பழகிய ஒரு நாட்டில், முறையான உணவங்காடி நிலையம் பொங்கோலுக்குக் கிடைத்தது 2022இல்தான். வட்டார நூலகம் 2023. கடலோரத்தில் ரயில் தடத்தின் கடைசி நிலையம் 2024 டிசம்பர்.

இந்த ஆண்டுகளை ஒரு குடும்பத்தின் வயதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 2003இல் திருமணமாகி வந்த தம்பதியருக்கு 2005இல் ஒரு குழந்தை பிறந்ததென்றால், வீட்டருகே நூலகம் திறக்கும்போது அந்தப் பிள்ளை பள்ளி முடித்திருக்கும். நீர்வழி வரும்போது ஆறு வயது. உணவங்காடி வரும்போது பதினேழு. திட்ட வரைபடத்தில் எல்லாமே இருந்தன, ஒவ்வொன்றாக வரவும் செய்தன. பொங்கோல் இன்று ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும், பலரும் விரும்பிக் கேட்கும் நகரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குழந்தைப் பருவம் கழிந்தது, பாதி முடிந்த நகரத்தில்.

பொங்கோலின் தேக்கம் வீடு விற்கும் முறையையே மாற்றிவிட்டது. 2001இல், முன்பதிவைப் பார்த்த பிறகே கட்டுவது என்ற ‘பிடிஓ’ முறை நடைமுறைக்கு வந்தது. தேவைக்கேற்பக் கட்டித்தரும் இந்த முறையில், ஆண்டுக்குச் சில முறை வீவக எந்த நகரத்தில் எத்தனை வீடு என்று அறிவிக்கும். விண்ணப்பித்தவர்களுக்குக் கணினிக் குலுக்கல் நடக்கும். எண் வந்தவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடுவார்கள். அதன்பின் கட்டி முடியும்வரை மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருப்பார்கள். இதனால் கழகத்தின் கையில் விற்காத வீடு தேங்குவதில்லை. காத்திருக்கும் சுமை மட்டும் வாங்குபவர் பக்கம் நகர்ந்துவிட்டது. கல்யாணத் தேதியை வீட்டுச் சாவியின் தேதியைப் பார்த்துக் குறிப்பது அங்கே சாதாரணம்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது விலை. பிடிஓ வீட்டின் விலை சந்தை விலைக்கு மிகவும் கீழே நிர்ணயிக்கப்படுகிறது. முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து, 2024 ஆகஸ்ட் முதல் அதிகபட்சம் 120,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மானியம் உண்டு. குடும்ப மாத வருமானம் 14,000 வெள்ளிக்கு மேற்பட்டால் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. வாங்குபவர்களில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், நிரந்தரவாசம் பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து மறுவிற்பனைச் சந்தையில்தான் வாங்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குச் சென்று நிரந்தரவாசம் பெற்ற பல குடும்பங்கள் புதுநகரின் புத்தம்புது வீட்டுக்குப் பதிலாக, பழைய நகரங்களின் மறுவிற்பனை வீடுகளில் இருப்பதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

வாங்கிய வீட்டில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். அதற்குள் விற்கவோ முழு வீட்டையும் வாடகைக்கு விடவோ முடியாது. ஐந்தாண்டு முடிந்ததும் ஒரு புதுநகரில் வரிசையாக விற்பனைப் பலகைகள் தோன்றுவதும், முதலில் வந்தவர்கள் நல்ல லாபத்துடன் ரயில் நிலையத்துக்கு அருகில் வேறொரு வீட்டுக்கு மாறுவதும் பல காலம் வழக்கமாக இருந்தது. நகரம் வளரும்வரை பொறுத்திருந்ததற்கான கூலி அந்த லாபம் என்றே பலர் அதைக் கருதினார்கள். 2024 அக்டோபர் முதல் வீடுகளை ‘ஸ்டாண்டர்ட்’, ‘பிளஸ்’, ‘பிரைம்’ என்று மூன்றாகப் பிரித்து, நல்ல இடத்தில் அமைந்த பின்னிரண்டு வகைகளுக்குக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தைப் பத்தாண்டாக உயர்த்தி, விற்கும்போது மானியத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் விதியையும் சேர்த்திருக்கிறார்கள். வசதி வந்து சேராத தொலைவில் இருக்கும் ஸ்டாண்டர்ட் வீட்டுக்கு ஐந்தாண்டு விதியே தொடர்வதால், பொறுமைக்குக் கூலி என்ற பழைய கணக்கு இன்று பெரும்பாலும் அந்த வகைக்குத்தான் பொருந்துகிறது.

இப்போது கட்டப்பட்டு வரும் தெங்கா நகரம் இந்தக் கதையின் புதிய அத்தியாயம். தீவின் மேற்கே, முன்பு செங்கல் சூளைகளும் பின்னர் ராணுவப் பயிற்சித் திடலும் இருந்து காடு மண்டிக்கிடந்த சுமார் 700 ஹெக்டேர் நிலத்தில் 42,000 வீடுகள் கட்டும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. தரைமட்டத்தில் வாகனமே ஓடாத நகர மையம், அதன் அடியில் சாலை. குப்பையைக் குழாய் வழியே உறிஞ்சிச் சேர்க்கும் ஏற்பாடு. ஐந்து கிலோமீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் கொண்ட காட்டுப் பாதை. ‘காட்டு நகரம்’ என்று விளம்பரம் செய்யப்படும் இந்த நகரத்துக்காக அங்கே இருந்த காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டது என்பதை இயற்கை ஆர்வலர்கள் சுட்டிக்காட்டாமல் இல்லை.

முதல் வீடுகள் 2018 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. 2023இல் சாவி கைக்கு வந்தது. நகருக்குள் ஓடவேண்டிய ஜூரோங் வட்டார ரயில் தடமோ 2027 முதல் 2029 வரை மூன்று கட்டங்களாகத் திறக்கத் திட்டமிடப்பட்டது. பேருந்து நிலையம் 2024இல் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் மளிகைக்கும் மருத்துவருக்கும் புக்கிட் பாத்தோக், சுவா சூ காங், ஜூரோங் பக்கம் போனார்கள். வீடுதோறும் தனித்தனிக் குளிரூட்டிக்குப் பதிலாக, மையத்தில் நீரைக் குளிரவைத்துக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பும் முறைக்கு முன்கூட்டியே கையெழுத்திட்டவர்கள், தொடக்கத்தில் தாமதம், ஈரக்கசிவு, கூரையோரம் இடத்தை அடைக்கும் குழாய்ப் பெட்டிகள் என்று குறைசொன்னார்கள். புதுநகர் எப்போதும் புதுத் தொழில்நுட்பங்களின் சோதனைக் களமாகவும் இருக்கும். சோதனையின் முதல் பிழைகள் முதலில் வந்தவர்கள் வீட்டுச் சுவரில்தான் தெரியும்.

முதல் மாதங்களின் அன்றாடத்தைப் பற்றி விற்பனைக் கையேடுகள் பேசுவதில்லை. ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே பருவத்தில் சாவி வாங்குவதால், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் உள்வேலை நடக்கிறது. புது வீட்டின் சீரமைப்புக்கு மூன்று மாத அனுமதி. சுவரை உடைப்பது போன்ற பெரும் சத்தம் எழுப்பும் வேலைகளை வார நாள்களில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். மின்தூக்கியின் உட்சுவர்களைப் பலகை அடித்து மூடியிருப்பார்கள். ஓடு பெட்டியும் சிமெண்டு மூட்டையும் ஏறியிறங்கும் அந்த மின்தூக்கியில் கைக்குழந்தையோடு நிற்க இடம் கிடைக்காது. கட்டடத்தின் அடியிலேயே தற்காலிகச் சேவை நிலையம் ஒன்று திறந்திருக்கும். ஓடு வெடித்தது, கதவு சரியாக மூடவில்லை என்று முதல் ஓராண்டுக்குள் அங்கே எழுதிக்கொடுத்தால் ஒப்பந்ததாரர் செலவில் சரிசெய்து தருவார்கள். சாவி வாங்கியதும் கையில் டேப்பும் பேனாவும் எடுத்துக்கொண்டு அறை அறையாகக் குறை பார்ப்பது ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது.

இனி பள்ளிக்கூடம். ஒரே வயதினர் ஒரே காலத்தில் குடியேறுவதுதான் புதுநகரின் மக்கள்தொகைக் குணம். அவர்களுடைய பிள்ளைகளும் ஒரே காலத்தில்தான் ஏழு வயதை அடைவார்கள். தொடக்கப்பள்ளி முதல் வகுப்புச் சேர்க்கையில், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை. ஆனால் இளம் குடும்பங்கள் குவிந்த பொங்கோல் போன்ற நகரங்களில் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தும் குலுக்கலுக்குப் போக வேண்டிய நிலை வந்தது. பழைய நகரங்களில் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் குறைந்து, பெயர்பெற்ற பள்ளிகள்கூட வேறு பள்ளிகளோடு இணைக்கப்படுகின்றன, அல்லது இடம்பெயர்கின்றன. ஆண்களுக்கான ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி 2030இல் தெங்காவுக்கு மாறி இருபாலர் பள்ளியாகும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. முன்பு பள்ளியைத் தேடிக் குடும்பம் வீடு மாறியது; இப்போது பிள்ளைகளைத் தேடிப் பள்ளி வீடு மாறுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கேள்வியும் உண்டு. தாய்மொழிப் பாடம் கட்டாயம் என்றாலும் எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. தன் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற மையத்துக்குப் பள்ளி முடிந்தபின் செல்ல வேண்டும். அந்த நிலையம் லிட்டில் இந்தியாவுக்கு அருகே பீட்டி சாலையில் இருக்கிறது. வீடு நகர மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது பெற்றோரின் அலுவலகப் பயணத்தை மட்டும் நீட்டுவதில்லை. பிள்ளையின் தமிழ் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் நேரத்தையும் நீட்டுகிறது. வீடு தேர்ந்தெடுக்கும்போது அக்கம்பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் எவற்றில் தமிழ் உண்டு என்று விசாரித்துவைப்பது, சமையலறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பதைவிட முக்கியம் என்பேன்.

தாத்தா பாட்டியின் தூரமும் அப்படித்தான். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி அங் மோ கியோவிலோ ஈசூனிலோ இருக்க, மகன் தீவின் மேற்குக் கோடியில் தெங்காவுக்குப் போனால் தினமும் இரு முறை தீவைக் குறுக்கே கடக்க வேண்டும். அரசு இதை அறியாமல் இல்லை. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தால் 30,000 வெள்ளியும், நான்கு கிலோமீட்டருக்குள் வாழ்ந்தால் 20,000 வெள்ளியும் மானியம் தருகிறது. புதிய நகரத்தின் பிடிஓ வீட்டுக்கு அந்த மானியம் கிடையாது. அங்கே குலுக்கலில் முன்னுரிமைதான் உண்டு. அதுவும் பெரும்பாலும் பெற்றோர் அருகில் இருந்தால்தான். முற்றிலும் புதிய நகரத்தில் பெற்றோர் ஏற்கெனவே வசிப்பதற்கு வாய்ப்பு எங்கே?

கோயில் விஷயத்தில் திட்டமிடலின் கணக்கு வேறு விதமானது. புதுநகர்கள் வேகமாக எழுந்த 1970, 80களில் வழிபாட்டிடங்களுக்கு நிலம் ஒதுக்கப் பின்பற்றப்பட்ட அளவுகோல் ஒன்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சுமார் 9,000 வீடுகளுக்கு ஒரு சீனக் கோயில், 12,000 வீடுகளுக்கு ஒரு தேவாலயம். இந்துக் கோயிலுக்கோ ஏறத்தாழ 90,000 வீடுகள். மக்கள்தொகையில் இந்துக்கள் நூற்றுக்கு ஐவர் அளவில்தான் என்பதால் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு முழுப் புதுநகரின் வீடுகளே பெரும்பாலும் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. மேம்பாட்டுக்காக இடம் இழந்த பழைய கோயில்கள் பலவற்றுக்குத் தனித்தனி நிலம் வாங்கப் பணமும் இல்லை. நிலம் கிடைத்தாலும் அது 30 ஆண்டுக் குத்தகைதான்.

விளைவு, இணைப்புக் கோயில்கள். செங்காங்கில் உள்ள அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தின் பெயரே தனித்தனியாக இருந்த கோயில்கள் கூடியதைச் சொல்லிவிடுகிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைபார்த்த இந்தியத் தொழிலாளர்கள் வழிபட்ட முருகன், இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இருக்கிறார். சுற்றிலும் பட்டறைகளும் கிடங்குகளும் இருக்க, பங்குனி உத்திரத்தன்று காவடிகள் அங்கே வருகின்றன. தோ பாயோவின் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயமும் வேறிடத்திலிருந்து அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்ததே. தெய்வங்களும் குடிபெயர்ந்துதான் இந்த நகரங்களில் நிலைபெற்றன. குடிமக்களுக்குக் கிடைத்த 99 ஆண்டு மட்டும் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக, வரும்போது பெரும்பாலோர் கவனிக்காமல் விற்கும்போது மோதிக்கொள்ளும் விதி ஒன்று இருக்கிறது. 1989 மார்ச் முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை வீடு வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு. சீனர்களுக்கு அக்கம்பக்கத்தில் 84, கட்டடத்தில் 87; மலாய்க்காரர்களுக்கு 22, 25; இந்தியர்களையும் பிறரையும் சேர்த்து, 2010இல் உயர்த்தப்பட்டபின், 12, 15. இன அடிப்படையில் தனித்தனிப் பேட்டைகள் உருவாகாமல் தடுப்பதே நோக்கம். அது பெருமளவு நிறைவேறியிருக்கிறது என்பதைப் புதுநகரின் எந்த மின்தூக்கியிலும் காணலாம். புத்தம்புதிய நகரத்தில் முதல் நாளிலிருந்தே எல்லா இனத்தவரும் அண்டைவீட்டார் ஆவது இந்தக் கொள்கை இல்லாமல் நடந்திருக்காது.

அதன் சுமை மட்டும் சமமாக விழவில்லை. ஒரு கட்டடத்தில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் ஒருவர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களில் பெரும்பான்மையினர் சீனர்களாக இருக்கும் சந்தையில், எஞ்சியிருக்கும் சிறு வட்டத்துக்குள்ளேயே விலை பேச வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து விலையைக் குறைத்து விற்றவர்கள் உண்டு. சிறுபான்மையினர் இதனால் பாதிக்கப்படுவது 2021இல் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது; அதைத் தொடர்ந்து, நெடுநாள் முயன்றும் விற்க முடியாத தகுதியுள்ள உரிமையாளர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டடத்தின் நிலவரத்தையும் வீவக தன் இணையச் சேவையில் வெளியிட்டு, மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கிறது. வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இன்று இடம் இருக்கும் கட்டடத்தில் பத்தாண்டு கழித்து விற்கப்போகும் மாதத்திலும் இடம் இருக்கும் என்பதற்கு அந்தப் பக்கத்தில் எந்த உறுதியும் இல்லை.